பூ கேட்டுவிட்டு வந்த அப்பா

இந்த வருடம் சேவை மையத்தில் உட்காரச் சொல்லி உங்களுக்கு ஆர்டர் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். மற்றவர்கள் கோடை விடுமுறையில் குன்னூருக்கும் மூணாறுக்கும் கிளம்பும்போது, நீங்கள் மட்டும் பாலிடெக்னிக் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்து, பொறியியல் கலந்தாய்வுக்கு வரும் பிள்ளைகளின் சான்றிதழ்களைச் சரிபார்க்க வேண்டும். அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். நானும் முதல் வருடம் அந்த ஆர்டரை ரத்து செய்ய யாரைப் பிடிக்கலாம் என்று அலைந்தவன்தான். நல்லவேளை, யாரும் கைகொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் என் பணிக்காலத்தின் நல்ல பகுதி என் கைக்கு வராமலே போயிருக்கும்.

எந்தச் சான்றிதழில் எதைப் பார்ப்பது, எந்தப் பட்டனை எப்போது அழுத்துவது என்பதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அது வருடத்துக்கு வருடம் மாறவும் மாறும். நான் சொல்ல வருவது மேசைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கும் குடும்பத்தைப் பற்றி. அது மாறுவதில்லை.

நம் பக்கத்தில் ஒரு பிள்ளை பிளஸ் டூ முடித்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி எந்தப் படிப்பு என்பதல்ல, எந்தக் கல்லூரி என்பதுகூட அல்ல. அந்தக் காலேஜ் பஸ் நம்ம ஊருக்கு வருதா? அவ்வளவுதான். காலை ஆறரை மணிக்குத் துடியலூரில் நின்று பாருங்கள். மஞ்சள், நீலம், வெள்ளை என்று வரிசையாகக் கல்லூரிப் பேருந்துகள் போகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான்கைந்து அப்பாக்கள் மொபெட்டில் காத்திருந்து, பிள்ளையை ஏற்றிவிட்டு, பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் வண்டியைத் திருப்புவார்கள். பஸ் வீட்டு வாசலுக்கே வருமென்றால் அந்தக் கல்லூரியின் மதிப்பு ஒரு படி ஏறிவிடும். ஒரு அப்பா என்னிடம், பஸ் எங்க காட்டுக்குள்ள வந்து திரும்பறதுக்கு இடம் இருக்குதுங்க, அதனால அதே காலேஜைப் போட்டுருங்க என்று சொல்லியிருக்கிறார். தன் விவசாயக் காட்டைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த மனிதர்.

அடுத்தது, கல்லூரி பார்க்கப் போவது. பெண் பார்க்கப் போவதற்கு எதிலும் குறையாது. ஒரு வேன் பிடித்து மாமன், அத்தை, பெரியப்பா, ஒறம்பரை என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் போவார்கள். மாமன் கட்டடத்தைத் தட்டிப் பார்ப்பார். அத்தை ஹாஸ்டல் சமையலறைக்குள் போய் ரசத்தை மோந்து பார்ப்பார். பெரியப்பா வாட்ச்மேனிடம் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்து, கடைசியில் ஏதோ ஒரு வழியில் சொந்தமாக்கிவிடுவார். படிக்கப் போகிற பிள்ளை வேனின் கடைசி சீட்டில் மொபைலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இதையெல்லாம் நான் கேலி செய்வேன், இப்போதும் செய்வேன். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பஸ் வருமா என்று கேட்கிற அப்பா படிப்பைப் பற்றிக் கவலைப்படாதவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அவருக்குத் தெரிந்த பாஷையில் கவலைப்படுகிறார். அந்தப் பாஷையை எனக்குப் புரியவைத்தவர் ஒருவர் உண்டு. அவருக்கு நன்றி சொல்வதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

எங்கள் மையத்தின் பொறுப்பாளர் அவர். வேதியியல் துறை. வயதில் என்னைவிட இளையவர், பதவியில் மூத்தவர். பெயரைப் போட்டால் போன் செய்து சண்டை பிடிப்பார், அதனால் மேடம் என்றே சொல்லிக்கொள்கிறேன். குரல் உயராது. அவசரம் என்றால் மற்றவர்களுக்கு வேகம் கூடும், அவருக்குக் குறையும். சர்வர் படுத்துவிட்டது, வெளியே கூட்டம் கத்துகிறது என்று நான் பதறிக்கொண்டு ஓடினால், முதலில் வெளியில் வெயில்ல நிக்கறவங்களை உள்ள கூப்பிட்டு உக்கார வையுங்க சார் என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் கத்தல் நின்றிருக்கும். சர்வர் அப்படியேதான் படுத்திருக்கும்.

இனி அந்த மதியத்துக்கு வருகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன், வேறெதையும் மாற்றவில்லை.

நிவேதா என்ற பெண். பெரியநாயக்கன்பாளையம். அப்பா துரைசாமி வீட்டை ஒட்டியே ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தார். இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின். பெரிய கம்பெனிகளுக்கு பம்ப் ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் வொர்க். அம்மா மரகதம். பெண்ணுக்கு நல்ல கட்-ஆஃப். லேத் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளை, மெக்கானிக்கல்தான் படிப்பேன் என்று ஒரே பிடி. கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதிவு செய்ய வந்தபோது சென்னையில் இருக்கும் ஒரு பழைய அரசுக் கல்லூரியை முதலில் போட்டாள். துரைசாமி ஒரு வார்த்தை மறுக்கவில்லை. போட்டுக்க கண்ணு என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கே கிடைக்கப் போகிறது என்ற தைரியம். நம் ஊர் அப்பாக்களில் பலர் இந்தத் தைரியத்தில்தான் பிள்ளையின் ஆசைக்குச் சம்மதிக்கிறார்கள்.

கிடைத்துவிட்டது. கேட்ட கல்லூரி, கேட்ட பிரிவு.

இடம் ஒதுக்கப்பட்டதும் அதை ஏற்கிறோமா வேண்டாமா என்று கெடு நாளின் மாலை ஐந்து மணிக்குள் உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டாலோ, வேண்டாம் என்று அழுத்திவிட்டாலோ, அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். கெஞ்சினாலும் திரும்ப வராது. பெரும்பாலானவர்கள் முடிவு வந்த அன்றே வீட்டிலிருந்தே செய்துவிடுவார்கள். இவர்கள் கடைசி நாள், அதுவும் மதியம் மூன்று மணிக்குமேல், மூன்று பேராக வந்து நின்றார்கள்.

துரைசாமி என் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நிவேதா அவருக்குப் பின்னால் நின்றாள். கண் வீங்கியிருந்தது. மரகதம் கதவை ஒட்டி, கையில் ஒரு கட்டைப்பையோடு, உள்ளே வந்தும் வராமலும் நின்றார். நான் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் துரைசாமி, வேண்டாம்னு போட்டுருங்க சார் என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

"சாமி உத்தரவு குடுக்கலீங்க. காலையில கோயல்ல பூக் கேட்டோம். சிவப்பு வந்துருச்சுங்க."

வெளியூரிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கல்யாணம், கிணறு வெட்டுவது, பூமி வாங்குவது எதுவானாலும் நம் பக்கத்தில் பல குடும்பங்கள் குலதெய்வக் கோயிலில் பூக் கேட்பார்கள். வெள்ளை அரளியை ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை ஒரு பொட்டலத்திலும் கட்டி, எது எதுவென்று தெரியாதபடி சாமி முன்னால் வைப்பார்கள். மனதில் நினைத்ததைச் சொல்லிக் கும்பிட்ட பிறகு பூசாரி ஒன்றை எடுத்து வீட்டுப் பெண்ணின் முந்தானையில் போடுவார். பிரித்தால் வெள்ளை என்றால் செய், சிவப்பு என்றால் நிறுத்து. இப்போது கல்லூரிக்கும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கலந்தாய்வு சீசனில் அரளிக்குக் கிராக்கி என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆனால் அன்று வேடிக்கை வரவில்லை. நானே மெக்கானிக்கல்காரன். அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவு கிடைப்பது என்ன என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று விட்டால் பக்கத்தில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்துக்கொள்வதாக ஏற்பாடு, அங்கே மெக்கானிக்கல் இல்லை, வேறு பிரிவுதான், ஆனால் பஸ் பட்டறை வாசலில் நிற்கும் என்று அவரே சொன்னார். நான் என் ஆயுதங்களை எடுத்தேன். அரசுக் கல்லூரியின் பழைய மாணவர்கள், அங்கே இருக்கும் லேப், வேலைக்கு வரும் கம்பெனிகள், பெண்கள் விடுதியின் கட்டுப்பாடு. எல்லாவற்றுக்கும் அவர் மரியாதையாகத் தலையாட்டினார். ஆமாங்க, சரீங்க, நல்ல காலேஜ்தானுங்க. ஆனா சாமி வேண்டாம்னு சொல்லிருச்சே என்பதில் போய் நின்றார். தர்க்கம் பேசுகிறவனை மரியாதையால் அடிக்க நம் ஊர்க்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது.

நடுவில் அவர் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்ப்பார், பின்னால் நிற்கும் பெண்ணிடம் கொடுப்பார். அவள் வீங்கிய கண்ணோடு, இருபத்தஞ்சு எம்.எம். ஷாஃப்ட்டுங்களா, அந்த டிராயிங்ல டாலரன்ஸ் மாத்தியிருக்காங்க, நாளைக்குக் குடுத்தர்றோமுங்க என்று தெளிவாகப் பேசிவிட்டுத் திரும்ப அப்பாவிடம் நீட்டுவாள். இப்படி இரண்டு மூன்று தடவை நடந்தது. கெட்டிக்காரப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டேனே தவிர, அதற்குமேல் என் புத்தி போகவில்லை.

மேடம் தன் மேசையிலிருந்து எழுந்து வந்தார். என் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். துரைசாமியிடம் கல்லூரியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எந்தக் கோயில் என்று கேட்டார். சூலூர் பக்கம் என்று அவர் சொன்னதும், அந்தக் கோயில் பூசாரி இப்போது யார், பழையவரின் மகன்தானா என்றெல்லாம் விசாரித்தார். தன் கல்யாணமும் பூக் கேட்டு முடிவானதுதான் என்றார். எனக்கு உள்ளே கொதித்தது. நேரம் போகிறது, இவர் கோயில் கதை பேசிக்கொண்டிருக்கிறார் என்று இருந்தது.

நிவேதா கோயிலுக்குப் போனாளா என்று கேட்டார். இல்லை, பட்டறைக்கு லோடு வருவதாக இருந்தது, அதனால் அவளை வீட்டில் விட்டுவிட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் போனோம் என்றார் துரைசாமி.

மேடம் நிவேதா பக்கம் திரும்பி, சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் ஒன்று வேண்டும், வெளியே ரோட்டைத் தாண்டினால் கடை இருக்கிறது, எடுத்து வா கண்ணு என்று அனுப்பினார். எல்லாச் சான்றிதழும் எப்போதோ சரிபார்த்து முடிந்த விஷயம். எதற்கு இது என்று நான் கேட்க வாயெடுத்தேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

பெண் வெளியே போனதும் மரகதத்தைக் கூப்பிட்டார். ஏனுங்க அம்மணி, அங்கயே நிக்கறீங்க, இப்படி வந்து உக்காருங்க என்றார். அந்த அம்மா தயங்கித் தயங்கி வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பூவைப் பிரிச்சது நீங்கதானுங்களே. உங்களுக்கு என்னங்க தோணுது?"

மரகதம் புருஷனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். துரைசாமி, அவளுக்கு என்னங்க தெரியும் என்று ஆரம்பித்தார். மேடம் லேசாகக் கையைக் காட்டினார், அவர் நிறுத்திக்கொண்டார்.

பிறகு மேடம் சும்மா இருந்தார். இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். கேள்வியைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது இருக்கிறதே, அதுபோல் கஷ்டமான வேலை நம் தொழிலில் இல்லை. நாம் வாத்தியார்கள். கேள்வி கேட்டு மூன்று விநாடிக்குள் பதில் வராவிட்டால் நாமே பதிலையும் சொல்லிப் பழகியவர்கள். சுவரில் கடிகாரம் நான்கைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு நாக்கு துறுதுறு என்றது. அந்த அம்மாவுக்கு உதவி செய்கிற மாதிரி ஏதாவது சொல்லிவிடலாம் போல இருந்தது. மேடம் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவசரப்படுத்துகிற பார்வை இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறவரைப் பார்க்கிற மாதிரி சாதாரணமான பார்வை.

"வெள்ளைங்க" என்றார் மரகதம்.

எனக்குப் புரியவில்லை. குரல் அவ்வளவு சன்னம்.

"வந்தது வெள்ளைப் பூதானுங்க. என்ற முந்தானையிலதான் உழுந்துச்சு. சாமி குடுத்ததை மறைச்சுப்போட்டு நாளைக்கு எந்த மூஞ்சியோட அந்தக் கோயலுக்குப் போறதுங்க?"

துரைசாமி அசையவில்லை. கோபப்படுவார் என்று பயந்தேன். எழுந்து போய்விடுவார் என்று பயந்தேன். மேடம் முகத்தில் ஆச்சரியமும் இல்லை, கண்டுபிடித்துவிட்டோம் என்ற பெருமையும் இல்லை. அப்படியா அண்ணா என்றுகூடக் கேட்கவில்லை. என் முன்னால் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். அவ்வளவுதான்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவராகவே பேசினார்.

"சிவப்பு வரோணும்னு வேண்டிக்கிட்டுத்தானுங்க போனேன். வரல. அவ இல்லீன்னா பட்டறை நடக்காதுங்க. எனக்குக் கைவேலை தெரியும். கம்பெனியில இருந்து வர்ற டிராயிங்கு, மெயிலு, பில்லு அதெல்லாம் அவதான். பத்தாவது படிக்கறப்ப இருந்து அவதான் பாக்கறா. பெத்த புள்ளைய நம்பிப் பட்டறை ஓட்டறேன்னு வெளிய சொல்ல முடியுங்களா?"

சொல்லும்போது அவர் எங்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. இத்தனை நேரம் நான் விடுதியைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தேன். அவர் கவலை அந்த ஊரிலேயே இல்லை. பஸ் பட்டறை வாசலில் நிற்கும் என்று அவர் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. சாயங்காலம் பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்கினால் நேராகப் பட்டறைக்குள் வந்துவிடும். அவர் கல்லூரியைத் தேடவில்லை. பிள்ளை திரும்பி வருகிற நேரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

நானாக இருந்தால் அந்த நிமிடம் பெண்ணின் எதிர்காலம், அப்பாவின் கடமை என்று பெரிதாக ஏதாவது பேசியிருப்பேன். மனிதர் முழுக்க உடைந்துபோயிருப்பார். மேடம் பேசியது இவ்வளவுதான்.

"இதுல வெக்கப்பட என்னங்கண்ணா இருக்குது. பட்டறைக்கு என்ன பண்றதுன்னு நாம நாலு பேரும் உக்காந்து யோசிக்கலாம். ஆனா அதுக்கு இன்னைக்கே கெடு இல்லீங்க. புள்ள சீட்டுக்குத்தான் அஞ்சு மணி கெடு."

இரண்டு கஷ்டங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு மேசைக்கு வரும். அதில் எதற்குக் கெடு இருக்கிறது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது. இதை எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லவில்லை. அந்த ஒரு வாக்கியத்தில் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை, மேசையிலும் சரி, என் சொந்த வீட்டிலும் சரி, எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

துரைசாமி யோசித்தார். நானும் என்னால் ஆனதைச் சொன்னேன். எங்கள் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டுப் பக்கத்திலேயே வேலை தேடும் பிள்ளைகள் அவர் ஊரிலேயே உண்டு, டிராயிங் பார்க்கத் தெரிந்தவர்கள், இரண்டு பேரை அனுப்பி வைக்கிறேன், பேசிப் பாருங்கள் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா இப்போது தரையைப் பார்க்கவில்லை. பட்டறைக்கு ஆளு கெடைக்கும், புள்ளைக்கு இந்தச் சீட்டு மறுக்காக் கெடைக்காதுங்க என்று அவரிடமே நேராகச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்த அம்மா அப்படிப் பேசியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். அவர் கேட்டுக்கொண்டிருந்த விதத்தைப் பார்த்தால் அவருக்கும் அது புதிது போலத்தான் இருந்தது.

சரீங்க, போட்டுருங்க என்றார் துரைசாமி.

வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. நிவேதா ஜெராக்ஸோடு வந்துகொண்டிருந்தாள். மேடம் குரலைத் தாழ்த்தி, புள்ளைகிட்ட என்ன சொல்றதுங்கறது உங்க இஷ்டமுங்கண்ணா, நாங்க யாரும் வாயைத் தொறக்க மாட்டோம் என்றார். அப்போதுதான் எனக்கு அந்த ஜெராக்ஸ் எதற்கு என்று விளங்கியது. ஒரு அப்பா, மகளுக்கு முன்னால் சிறுத்துப்போகக் கூடாது என்பதற்காக மேடம் அவளை ரோட்டைத் தாண்டி அனுப்பியிருக்கிறார். மரகதம் என்ன சொல்லப் போகிறார் என்று மேடத்துக்கும் தெரியாது. ஏதோ சொல்ல இருக்கிறது, அதைப் பெண் கேட்கும்படி ஆகக்கூடாது என்று மட்டும் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டேன். பூவைப் பிரித்தவரை விட்டுவிட்டு மற்ற எல்லோரும் பேசுகிறீர்களே சார் என்றார்.

நிவேதா உள்ளே வந்து ஜெராக்ஸை மேடத்திடம் கொடுத்தாள். துரைசாமி நினைத்திருந்தால் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். மேடம் பேசி மனசு மாறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சாமியிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். நாங்கள் மூன்று பேரும் ஆமாம் போட்டிருப்போம், அந்தப் பெண்ணுக்கு ஒரு நாளும் தெரிந்திருக்காது. அவர் எழுந்து நின்றார். மகளிடம் பேச நாற்காலியை விட்டு எழுந்த அப்பாவை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"வெள்ளைப் பூதான் வந்துச்சு கண்ணு. அப்பன்தான் உன்றகிட்ட மாத்திச் சொல்லிப்போட்டேன்."

நிவேதா அழுவாள், இல்லாவிட்டால் கோபப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன்.

"அப்ப டிராயிங்கெல்லாம் யாருங்கப்பா பாப்பாங்க?" என்று கேட்டாள்.

அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அப்பா எதற்குப் பயப்படுகிறார் என்று முழுக்கத் தெரிந்துதான், சிவப்பு என்று சொன்னதை நம்பினாளோ நம்பவில்லையோ, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கண் வீங்க அழுதுவிட்டு, வேண்டாம் என்று அழுத்தவும் கூட வந்திருக்கிறாள். மரகதம்தான், அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம், நீ போயிப் படி சாமி என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சொல்ல எனக்கென்ன வெட்கம்? மேடம் ஜெராக்ஸை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

நான்கரையைத் தாண்டியிருந்தது. நான் கம்ப்யூட்டரில் ஒதுக்கீட்டுப் பக்கத்தைத் திறந்து, சம்மதம் என்ற இடத்தை அழுத்தினேன். உறுதி செய்வதற்கான எண் அப்பாவின் போனுக்கு வந்தது. துரைசாமி போனை எடுத்தார், கண்ணாடியைத் தேடினார், கண்ணாடி இல்லை. பழக்கத்தில் கை பின்னால் மகளிடம் போனது. பாதியில் நிறுத்தி, போனை மரகதத்திடம் கொடுத்தார். நீ படி என்றார்.

அந்த அம்மா போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக, அது தப்பாகிவிடக் கூடாதே என்று நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் நான் ஆமாங்க என்று சொல்லித் தட்டினேன்.

இதை நான் எங்கே சொன்னாலும், அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள், பட்டறை என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். நான் அனுப்பிய பையன்களில் ஒருவன் அங்கே வேலைக்குச் சேர்ந்தான் என்பது மட்டும் தெரியும். மற்றது தெரியாது. உங்களுக்கும் பெரும்பாலும் தெரியப் போவதில்லை. நம்மைத் தாண்டிப் போகிற பிள்ளைகள் திரும்பி வந்து சொல்ல மாட்டார்கள், சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அந்த மதியம் அந்த மேசையில் பேச வேண்டியதை அந்த அம்மா பேசினார். ஒத்துக்கொள்ள வேண்டியதை அந்த அப்பா ஒத்துக்கொண்டார். பொறுத்திருக்க வேண்டிய நேரம் மேடம் பொறுத்திருந்தார். நான் செய்தது அந்த எண்களைத் தட்டியது ஒன்றுதான். முப்பது வருடத்துக்குமேல் வேலை பார்த்திருக்கிறேன். எந்த வேலைக்காக நன்றியோடு இருக்கிறாய் என்று யாராவது கேட்டால், நான் அதைத்தான் சொல்வேன்.